அமெரிக்கக் குடையும் நங்கநல்லூர்ப் பூந்தொட்டியும்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கும் என் மகன், அங்கே வீடு வாங்கிய சில மாதங்களில் ஒரு காப்பீட்டு ஆவணத்தை எனக்கு அனுப்பி, "அப்பா, நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள், எனக்குப் பொறுமை இல்லை" என்று எழுதியிருந்தான். வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடன் பத்திரங்களின் பொடி எழுத்தைப் படித்தே மூக்குக் கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவன் என்பதால், குடும்பத்தில் இத்தகைய வேலைகள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். தலைப்பில் 'பெர்சனல் அம்ப்ரெல்லா பாலிசி' என்று இருந்ததைப் பார்த்த என் மனைவி, அங்கே மழையே ஒழுங்காகப் பெய்வதில்லையே, குடைக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று கேட்டாள். அந்த ஆவணத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. படித்த சூட்டோடு, நங்கநல்லூரில் என் பீரோவில் இருக்கும் என்னுடைய பாலிசிகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அவற்றைப் புரிந்துகொள்ள மேலும் இரண்டு வாரங்கள் பிடித்தன.

குடைக் காப்பீடு என்பது நம் பொருளுக்கு வரும் சேதத்தைப் பற்றியது அன்று. நம்மால் பிறருக்கு உடலிலோ உடைமையிலோ கேடு நேர்ந்து, அதற்கு ஈடு கொடுக்கும் சட்டப் பொறுப்பு நம் தலையில் விழுந்தால், அந்தத் தொகையைக் கொடுப்பதற்கானது. அமெரிக்காவில் கார் பாலிசியிலும் வீட்டுப் பாலிசியிலும் இத்தகைய பொறுப்புக்கு ஒரு பகுதி ஏற்கெனவே உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. நீதிமன்றம் தீர்மானிக்கும் இழப்பீடு அந்த வரம்பைத் தாண்டினால், மீதியை வண்டிக்காரர் தம் சேமிப்பிலிருந்தும் வருங்காலச் சம்பளத்திலிருந்தும்கூடக் கொடுக்க நேரலாம். அந்த வரம்பு முடியும் இடத்தில் தொடங்குவதுதான் குடை. கார், வீடு, படகு என்று தனித்தனியாக இருக்கும் பாலிசிகள் அனைத்தின் மேலும் ஒன்றாக விரிவதால் அந்தப் பெயர்.

கலிஃபோர்னியாவில் கார் ஓட்டச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வரம்பு, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, காயமடைந்த ஒருவருக்கு 15,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 30,000 டாலர், பிறர் உடைமைக்கு 5,000 டாலர் என்றே இருந்து வந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது 30,000, 60,000, 15,000 என்று உயர்ந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைக் கட்டணங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும், எலும்பு முறிந்த ஒருவருக்கு 30,000 டாலர் என்பது எந்த மூலைக்கும் போதாது என்று தெரியும். குடையோ 10 லட்சம் டாலர், 20 லட்சம் டாலர் என்று பத்து லட்சத்தின் மடங்குகளில் விற்கப்படுகிறது. முதல் பத்து லட்சத்துக்கு ஆண்டுப் பிரீமியம் பெரும்பாலும் சில நூறு டாலர்தான். இவ்வளவு பெரிய தொகை இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, எங்கேயோ பொறி இருக்க வேண்டும் என்று வங்கிக்காரப் புத்தி சந்தேகப்பட்டது. பொறி ஏதும் இல்லை. சிறிய, நடுத்தர விபத்துகளின் செலவு முழுவதையும் கீழே இருக்கும் பாலிசிகளே உறிஞ்சிக்கொள்வதால், மேலே ஏறி வரும் வழக்குகள் அரிது. மலிவுக்கு அதுவே காரணம்.

ஆனால் அந்த மலிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மகன் படிக்காமல் விட்டதும் அதைத்தான். கீழே இருக்கும் பாலிசிகளில் இன்ன அளவுக்குக் குறையாத வரம்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று குடை கேட்கிறது. கார் பாலிசியில் ஒருவருக்கு 2,50,000 டாலர், ஒரு விபத்துக்கு 5,00,000 டாலர், வீட்டுப் பாலிசியில் 3,00,000 டாலர் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. பிரீமியத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, மகன் கார் பாலிசியை நடுவில் ஒருவருக்கு 1,00,000 டாலர் என்று குறைத்து வைத்திருந்தான். இந்த நிலையில் ஒருவருக்கு 7,00,000 டாலர் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு அனுப்பினேன். கார் பாலிசி 1,00,000 கொடுக்கும். குடையோ, கீழே 2,50,000 இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட 4,50,000-ஐ மட்டும் கொடுக்கும். நடுவில் விழுந்த 1,50,000 டாலர் அவன் கைப்பணம். மாடிப்படியில் இரண்டு படிகளைப் பெயர்த்துவிட்டு, மேல்தளம் உறுதியாக இருக்கிறது என்று நிம்மதி கொள்வது போன்றது இது. அன்றிரவே வரம்பை உயர்த்திவிட்டதாகப் பதில் வந்தது.

வேண்டுமென்றே செய்த கேடு, தொழில் சார்ந்த பொறுப்பு, நம் சொந்த உடைமைக்கு நேர்ந்த சேதம் ஆகியவற்றைக் குடை தாங்காது. அவதூறு வழக்கு போன்ற சிலவற்றை, கீழே இருக்கும் பாலிசிகள் தொடாத நிலையிலும், பல குடைகள் ஏற்கின்றன. அப்போது முதலில் ஒரு சிறு தொகையை நாமே போட வேண்டும். 'எக்ஸஸ் லையபிலிட்டி' என்ற பெயரில் விற்கப்படுவதற்கு இந்த அகலம் கிடையாது. கீழ்ப் பாலிசி எதை ஏற்கிறதோ அதையே இன்னும் கொஞ்சம் உயரமாக்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்று என்று சொல்லும் முகவர்கள் அங்கேயும் இருப்பார்கள் போலும்.

இனி என் பீரோவுக்கு வருகிறேன். என்னிடம் ஒரு காரும், மனைவியின் பெயரில் ஒரு ஸ்கூட்டரும் உண்டு. முதலில் தேடியது, மகனின் ஆவணத்தில் இருந்தது போன்ற வரம்பு எண்ணைத்தான். மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் அப்படி ஓர் எண்ணே இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டில், பிறர் உயிருக்கும் உடலுக்கும் நேரும் கேட்டுக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ, அவ்வளவையும் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும். சென்னையில் இந்தத் தீர்ப்பாயம் உயர் நீதிமன்ற வளாகத்தில், சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. 'சிறு வழக்குகள்' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அங்கே விதிக்கப்படும் தொகைகள் சிறியவை அல்ல.

எடுத்துக்காட்டாக, மாதம் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நிரந்தர வேலை பார்க்கும் 35 வயது இளைஞர் ஒருவர், மனைவி, குழந்தை, தாய் ஆகிய மூவரை விட்டுவிட்டு விபத்தில் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, அவருடைய ஆண்டு வருமானம் 12 லட்சத்தோடு எதிர்கால உயர்வுக்காக 50 சதவீதம் சேர்த்தால் 18 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 12 லட்சம். அந்த வயதுக்கான பெருக்கெண் 16. வருமான வரியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் 1 கோடியே 92 லட்சம் ரூபாய். இதை ஒரு நடுத்தரக் குடும்பம் தன் கையிலிருந்து கொடுப்பதென்றால் இருக்கும் வீடும் போய்விடும். அமெரிக்காவில் குடை செய்யும் வேலையை, நம் ஊரில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் சாதாரணத் தேர்ட் பார்ட்டி பாலிசியே செய்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

இந்த நிலையும் ஒரு கட்டத்தில் மாறியிருக்கக்கூடும். 2016-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதாவில், மூன்றாம் நபர் காப்பீட்டின் பொறுப்பை மரணத்துக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம் என்று வரம்பிடும் பிரிவு ஒன்று இருந்தது. பிறகு அது கைவிடப்பட்டது. அது மட்டும் சட்டமாகியிருந்தால், மேலே சொன்ன கணக்கில் 1 கோடியே 82 லட்சம் ரூபாய் வண்டி உரிமையாளர் தலையில் விழுந்திருக்கும். அமெரிக்கப் பாணிக் குடைகளை நம் முகவர்களும் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு' என்பது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி 'செல்லுமா' என்பது. வரம்பில்லாத பாதுகாப்பு நம் கையில் இருக்கிறது, ஆனால் நிபந்தனை மீறப்பட்ட இடத்தில் அது நம்மை விட்டு நழுவிவிடுகிறது. ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை என்றாலோ, வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினாலோ, காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம். இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால், முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். வழக்கறிஞர்கள் இதை 'பே அண்ட் ரெகவர்' என்பார்கள். பாதிக்கப்பட்டவருக்கு அது நிவாரணம். உரிமையாளருக்கோ, தம் பாலிசி நிறுவனமே கடன்காரனாக வாசலில் வந்து நிற்பதற்கு ஒப்பாகும். உரிமம் இல்லாத ஒவ்வொரு நேர்விலும் நிறுவனம் தப்பித்துக்கொள்ள முடியாது. உரிமையாளர் அலட்சியமாக இருந்தார் என்பதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயினும் பதினாறு வயதுப் பிள்ளை டியூஷனுக்குப் போகச் சாவியை எடுத்துக் கொடுத்த தந்தை, தாம் அலட்சியமாக இல்லை என்று எந்த முகத்தோடு வாதாடுவார்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 199-ஏ பிரிவு, அத்தகைய பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. சிறைக்கும் அபராதத்துக்கும் எந்த ஊர்க் குடையும் விரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு மற்றவர்கள் மீது கோபப்பட்டுக்கொண்டிருந்தவன், ஏதோ நினைவில் என் சொந்த ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். அது காலாவதியாகி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள் என்பதும், முன்பு காலாவதிக்குப் பின் கொடுக்கப்பட்டு வந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல, நினைவில் இல்லை. அந்த ஏழு வாரங்களில் வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் எத்தனை முறை காரை எடுத்துச் சென்றேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மருத்துவச் சான்றிதழ் வாங்கி, இணையத்தில் விண்ணப்பித்து, மீனம்பாக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டேன். ஓராண்டு கடந்திருந்தால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்திருக்கும். மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இரண்டாவது ஓட்டை ஸ்கூட்டரில் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக அதற்கு 'லையபிலிட்டி ஒன்லி' எனப்படும், சட்டம் கேட்கும் அளவு மட்டுமான பாலிசியை எடுத்திருந்தேன். அத்தகைய பாலிசி பின்னிருக்கையில் அமர்ந்து வருபவரை உள்ளடக்காது என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சொந்தக் காரில் கட்டணமின்றி ஏறி வருபவர்களுக்கும் இதே கதிதான். எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியில் இவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. நம் வீடுகளில் ஸ்கூட்டரின் பின்னிருக்கை காலியாக இருக்கும் நாள் ஏது? மாம்பலம் மார்க்கெட்டுக்கு மைத்துனி, கோயிலுக்குப் பக்கத்து வீட்டு மாமி என்று யாராவது உட்கார்ந்துதான் வருகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கிலும் இதுதான் பிரச்சினை: காரில் வந்தவருக்கு அந்தப் பாலிசியில் இடமில்லை. அதை விசாரித்த நீதிமன்றம், 2021 செப்டம்பர் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள் உட்பட அனைவரையும் உள்ளடக்கும் 'பம்பர் டு பம்பர்' காப்பீடு ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டாயம் என்று ஆகஸ்டில் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துச் சொல்லப்பட்டபின் செப்டம்பரிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உத்தரவு போய்விட்டாலும் அதற்குக் காரணமான ஓட்டை அப்படியே இருக்கிறது. நான் ஸ்கூட்டருக்குப் பேக்கேஜ் பாலிசிக்கு மாறிவிட்டேன்.

நம் மோட்டார் பாலிசியிலும் ஓரிடத்தில் வரம்பு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். பிறர் உடைமைக்கு நேரும் சேதத்துக்குக் காருக்கு 7,50,000 ரூபாயும் இரு சக்கர வண்டிக்கு 1,00,000 ரூபாயும்தான் வழக்கமான உச்சம். பிரீமியத்தில் சிறு தள்ளுபடிக்காக இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அந்தத் தள்ளுபடியை வாங்கியிருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் சில கார்களின் ஒரு பக்கக் கதவும் முகப்பு விளக்கும் சேர்ந்தாலே அந்த உச்சத்தை நெருங்கிவிடும் என்பது என் எண்ணம்.

வண்டியை விட்டு வீட்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. சாலையில் வரம்பில்லாமல் இருந்த பாதுகாப்பு, வீட்டு வாசலைத் தாண்டியதும் பெரும்பாலோருக்கு அறவே இல்லை. இதை நான் ஒரு பூந்தொட்டியால் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து மாலையொன்றில், பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டுத் திடீரென்று காற்றோடு மழை வந்தபோது, எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனியின் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த செம்பருத்தித் தொட்டி கீழே விழுந்து, அங்கே நின்றிருந்த ஒருவருடைய காரின் முன் கண்ணாடியை உடைத்துவிட்டது. இரண்டு நிமிடங்களுக்கு முன்னால்தான் அவர் தம் குழந்தையை இறக்கிவிட்டு உள்ளே போயிருந்தார். கண்ணாடிக்கு ஆன பதினெட்டாயிரம் ரூபாயை நான் கொடுத்தேன், கொடுப்பதுதான் முறை. அப்போது என்னிடம் வீட்டுப் பாலிசி இருந்தது. முகவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "சார், தொட்டிக்கு வேண்டுமானால் கிளெய்ம் போடலாம், காருக்கு முடியாது" என்றார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையைத்தான் சொன்னார்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி, தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் நம் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் வரும் இழப்பை ஈடு செய்கிறது. 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த சென்னைவாசிக்கு அது மிகவும் தேவையானதுதான். ஆனால் நம் வீட்டிலிருந்து பிறருக்கு நேரும் கேட்டுக்கான பொறுப்பு அந்த அடிப்படைப் பாலிசியில் இல்லை. அதற்கு, ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ் வகைப் பாலிசிகளில் இருக்கும் பப்ளிக் லையபிலிட்டி பிரிவைக் கேட்டு, தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை; முகவருக்கு அதில் கிடைக்கும் கமிஷன் ஒரு காபிக்குக்கூடக் காணாது. பெயரில் ஒரு குழப்பமும் இருக்கிறது. போபால் விபத்துக்குப் பிறகு 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. பூந்தொட்டிக்காரர்களுக்கு அதில் வேலை இல்லை.

நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பிரிவு இன்னும் முக்கியம். 2024 மே மாதத்தில் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறிய செய்தியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நேர்வில் உரிமையாளர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்கீழ் குற்ற வழக்கு வரலாம். அதைக் காப்பீடு தொடாது. சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் கேட்டு வரும் உரிமையியல் வழக்குக்கு மட்டும், செல்லப் பிராணிக் காப்பீடுகள் சிலவற்றில் மூன்றாம் நபர் பொறுப்பு என்ற பகுதி உண்டு.

நம் ஊரில் தனிநபருக்கென்று எல்லாவற்றையும் மூடும் ஒரே குடை பரவலாக விற்கப்படுவதில்லை என்பதால், கடைசியில் நான் செய்தது துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்ததுதான்: காருக்கும் ஸ்கூட்டருக்கும் பேக்கேஜ் பாலிசி, உடைமைச் சேத வரம்பு முழு அளவில், வீட்டுக்குப் பப்ளிக் லையபிலிட்டி பிரிவு. எல்லாம் சேர்த்து ஆண்டுக்குக் கூடுதலாக ஆனது, குடும்பத்தோடு ஒருமுறை ஓட்டலுக்குப் போய்வரும் செலவைவிடக் குறைவு. செம்பருத்தியைத் தரையில் இறக்கி வைத்ததற்குச் செலவே இல்லை, ஆனால் மனைவிக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

தைக்க முடியாமல் நிற்பது லிஃப்ட் மட்டும். எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்டில் யாருக்காவது ஏதாவது நேர்ந்தால் அந்தப் பொறுப்பு பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் சேர்த்துத்தான் பிடிக்கும். என் தனிப் பாலிசி அங்கே எட்டாது, சங்கத்தின் பெயரில்தான் எடுக்க வேண்டும். சென்ற மாதக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர், இருபது வருஷமாக ஓடுகிறதே சார், முதலில் வெளிச்சுவருக்கு வெள்ளையடிப்போம் என்றார். பதினொரு பேர் வெள்ளையடிப்பதற்குக் கை தூக்கினார்கள். அடுத்த கூட்டம் சித்திரை பிறந்த பிறகு; அதற்குள் இரண்டு நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று பிரித்து எழுதிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.